தொட்டுப் பார்க்கும் குடில்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் பள்ளியில் ஆண்டுதோறும் குடில் அமைப்பது வழக்கம். போன கல்வியாண்டில் கைவேலைக் குழுவினராகிய நாங்கள், வெளியூரிலிருந்து வாங்கி வந்த அழகிய சுரூபங்களை வைத்து, சுற்றிலும் மின்விளக்குகள் கட்டி, முன்னால் ஒரு கயிற்றையும் இழுத்துக் கட்டினோம். கயிற்றின் நடுவே 'தொடாதீர்கள்' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டோம். பார்த்தவர் யாவரும் புகழ்ந்தனர். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டாள். அவளது முழங்கை பட்டு இடையர் ஒருவரின் கை ஒடிந்தது. நாங்கள் நால்வரும் ஒரே குரலில் அதட்டினோம். அவள் அழவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்த கையை மட்டும் இன்னும் இறுக மூடிக்கொண்டாள். ஆசிரியை அருகில் அழைத்துக் கையை விரிக்கச் சொன்னார். உள்ளே ஒரு தீப்பெட்டி. அதன் நான்கு மூலைகளிலும் சட்டைப் பொத்தான்கள் ஒட்டியிருந்தன.

"இது என்ன கண்ணு?"

"ஜீப்பு டீச்சர். எங்கம்மா மலைக்குப் போற ஜீப்பு. மாதா ஏறிக்கிடட்டும்னு கொண்டாந்தேன்."

எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. போடிநாயக்கனூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பல பெண்கள் விடியும் முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். இருட்டிய பிறகே இறங்கி வருகின்றனர். அந்தச் சிறுமிக்குத் தெரிந்த பயணம் அதுதான். பெத்லகேமுக்கு நெடுவழி நடந்த தாய்க்கு அவள் ஓர் இடம் கொடுக்க வந்தாள். நாங்களோ கயிறு கட்டி வைத்திருந்தோம்.

இவ்வாண்டு அக்கயிற்றை எடுத்துவிட்டோம். சிறு குழந்தைகள் தாமே செய்த, தாமே தொடக்கூடிய குடில் ஒன்றை அமைத்தோம். அதன் செய்முறையே இக்கட்டுரை. அரையாண்டு விடுமுறையில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் மாணவியர் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இது பெரிதும் உதவும் என நம்புகிறோம்.

முதல் குடிலில் சுரூபம் இல்லை

1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்னும் மலையூரில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்பு இரவில் ஒரு குடில் அமைத்தார். வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவையே அதில் இருந்தன. விலையுயர்ந்த பொம்மைகள் இல்லை. ஊர்மக்கள் தீவட்டி ஏந்தி மலையேறி வந்து அருகிலேயே நின்று வழிபட்டனர். அதன் 800ஆம் ஆண்டு நிறைவு 2023இல் உலகெங்கும் கொண்டாடப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலின் பொருளை விளக்கும் திருத்தூது மடல் ஒன்றில் கையெழுத்திட்டார்.

நற்செய்தியை நாம் கவனமாகப் படித்தால் இன்னும் சில செய்திகள் விளங்கும். தீவனத் தொட்டியும் இடையரும் லூக்கா நற்செய்தியில் வருகின்றனர். விண்மீனும் கீழ்த்திசை ஞானியரும் மத்தேயு நற்செய்தியில் வருகின்றனர். ஞானியர் மூவர் என்று அங்கே எழுதப்படவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களையும் மூவராக எண்ணும் வழக்கம் வந்தது. பனிக்கட்டி மூடிய கூரையோ நற்செய்தியில் எங்கும் இல்லை. ஆகவே மேனாட்டு வாழ்த்து அட்டையைப் பார்த்து நாம் குடில் செய்ய வேண்டியதில்லை. நம் மலையையும் மண்ணையும் பார்த்துச் செய்யலாம்.

தொடங்கும் முன்

வேலையை வயதுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். மூன்று வயதுக் குழந்தை உருட்டும். ஐந்து வயதுக் குழந்தை ஒட்டும். எட்டு வயதுக் குழந்தை கட்டும். கத்தரியும் கத்தியும் பெரியவர் கையில் இருக்கட்டும். கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். குழந்தை செய்ததை அது தூங்கிய பிறகு திருத்தி வைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் அது கண்டுபிடித்துவிடும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறினால் கண்ணாடிபோல் பளபளப்பு வரும். இறக்கி ஆறவிடவும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பவர் உண்டு. அது நஞ்சு, குழந்தைகள் விரலைச் சூப்புவார்கள். எனவே அது வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டிய பசையை அன்றன்றே காய்ச்சிக்கொள்க.

1. முளைக்கும் வயல்

இதை டிசம்பர் 13 அல்லது 14ஆம் நாளே தொடங்க வேண்டும். அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பதை நம் ஊர்ப் பக்கத்தில் பார்க்காதவர் யார்? அதே முறைதான். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வையுங்கள். பழைய தட்டில் இரண்டு விரற்கடை மண் பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போடுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது வீட்டின் கடைசிக் குழந்தையின் வேலை. ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும்.

ஒரு சிறு சோதனையும் செய்து பார்க்கலாம். இரண்டு தட்டில் விதைத்து, ஒன்றை வெளிச்சத்திலும் மற்றொன்றை இருட்டறையிலும் வையுங்கள். இருட்டில் வளர்ந்த பயிர் வெளிறி, நெடுநெடுவென்று உயர்ந்து சாயும். வெளிச்சத்தில் வளர்ந்தது குட்டையாகவும் பச்சையாகவும் உறுதியாகவும் நிற்கும். பச்சையம் உண்டாக ஒளி வேண்டும் என்ற பாடத்தைக் குழந்தை புத்தகம் இல்லாமலே கற்றுக்கொள்ளும். வெளிறிய தட்டையும் பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள். இரண்டொரு நாளில் அதுவும் பச்சையாகும்.

2. ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல்

உடைத்த தேங்காய்ச் சிரட்டையைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, அடியில் களிமண் வைத்து ஆடாமல் நிறுத்தினால் அதுவே தீவனத் தொட்டி. முதலில் அது வெறுமையாக இருக்க வேண்டும். திருவருகைக் காலத்தில் ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் துண்டை அதில் இடுவது கத்தோலிக்கக் குடும்பங்களில் உள்ள பழைய வழக்கம். தம்பிக்குத் தன் பங்கு மிட்டாயைக் கொடுத்தால் ஒன்று. சொல்லாமலே தண்ணீர்க் குடத்தை மூடி வைத்தால் ஒன்று. பாலன் படுக்கும் இடம் மெத்தென்று இருப்பது குழந்தைகளின் கையில்தான் உள்ளது.

எங்கள் குடிலில் ஒரு நாள் சிரட்டை திடீரென நிரம்பி வழிந்தது. ஒரு சிறுவன் கைப்பிடி வைக்கோலை அள்ளிப் போட்டிருந்தான். விசாரித்ததில், "நாளைக்குச் செய்யப் போறதுக்கும் சேர்த்துப் போட்டுட்டேன்" என்றான். அதை எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுக்களையில் தேநீருக்குத் தட்டிய ஏலக்காயின் தோடு கிடைத்தால் வைக்கோலுக்குள் செருகுங்கள். குடில் முழுவதும் மணக்கும். ஞானியர் கொண்டுவந்த சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் மரங்களிலிருந்து வடியும் பிசின்கள். அவை அவர்கள் நாட்டு மணம். ஏலம் நம் மலையின் மணம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். தோட்டத்துக் காய் தோட்டத்துக்கு உரியது. அம்மா எடை போட்டுக் கொடுக்க வேண்டிய காயில் ஒன்றுகூட நம் கைவேலைக்கு வரலாகாது. பச்சைக் காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ விற்பனைக் காய் கிடைக்கும். ஒவ்வொரு காயும் செடியின் அடியில் குனிந்து பறித்தது. அந்த உழைப்பின் விலை நமக்குத் தெரியும்.

3. களிமண் உருவங்கள்

மார்கழியில் கண்மாயில் தண்ணீர் இருக்கும். ஆகவே களிமண் எடுக்கப் பெரியவர் மட்டும் போக வேண்டும். கல், வேர் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பொடியாக நறுக்கிய வைக்கோல் சிறிது கலந்தால் காயும்போது வெடிப்பு குறையும்.

குழந்தைகளுக்கு இரண்டே உருவங்களைக் கற்றுக் கொடுங்கள்: உருண்டை, கூம்பு. கூம்பு உடல், உருண்டை தலை. நடுவில் ஓர் ஈர்க்குத் துண்டைச் செருகி, சேரும் இடத்தில் குழைந்த சேற்றைத் தடவினால் தலை கழன்று விழாது. தலைமேல் ஒரு துணித் துண்டைப் போர்த்தினால் மாதா. கையில் ஒரு குச்சி கொடுத்தால் சூசையப்பர். தோளில் சிறு உருண்டை வைத்தால் ஆட்டுக்குட்டி சுமக்கும் இடையர். மூன்று நான்கு நாள் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பிளக்கும். வண்ணத்துக்குக் காவி, மஞ்சள், அடுப்புக்கரி ஆகிய மூன்றையும் தண்ணீரில் குழைத்தால் போதும்.

உடைந்தால் என்ன செய்வது? தண்ணீர் தெளித்து மறுபடி பிசையலாம். களிமண்ணின் பெருமை அதுவே. போன ஆண்டு ஒடிந்த இடையரின் கையை ஒட்டப் பசை தேடி அலைந்த எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

4. மக்காச்சோள வானதூதர்

நம் பக்கத்துக் காடுகளில் மக்காச்சோளம் விளைகிறது. கதிரை மூடியிருக்கும் காய்ந்த உறைகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறினால் அவை துணிபோல் வளையும்.

ஓர் உருவத்துக்கு ஆறு உறைகள் வேண்டும். நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு முனையை நூலால் கட்டுங்கள். கட்டின்மேல் நெல்லிக்காய் அளவு பஞ்சு உருண்டையை வைத்து, உறைகளை வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல் கீழே மடித்து, உருண்டைக்கு அடியில் கட்டினால் தலையும் கழுத்தும் வந்துவிடும். ஐந்தாவது உறையைச் சுருட்டி இரு முனையிலும் கட்டிக் குறுக்கே செருகினால் கைகள். அதற்குக் கீழே இடுப்பைக் கட்டுங்கள். ஆறாவது உறையை நடுவில் சுருக்கி முதுகில் கட்டினால் சிறகு. கீழ் விளிம்பைக் கத்தரியால் நேராக நறுக்கிவிட்டால் வானதூதர் தாமே நிற்பார். முகம் வரைய வேண்டியதில்லை. குழந்தைகள் கேட்டால் வரையட்டும்.

5. ஈர்க்கு நட்சத்திரம்

பழைய விளக்குமாற்றிலிருந்து ஒரே பருமனுள்ள ஐந்து ஈர்க்குகளை எடுத்து, அடிக்கோலின் அளவுக்கு, அதாவது 30 சென்டிமீட்டருக்கு நறுக்குங்கள். ஒவ்வொன்றிலும் இரு முனைகளிலிருந்தும் 11.5 சென்டிமீட்டரில் மையால் குறியிடுங்கள். நடுவில் 7 சென்டிமீட்டர் மீதமிருக்கும். இரண்டு ஈர்க்குகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் குறியின்மேல் குறி பொருந்த வேண்டும். ஐந்து முனைகளையும் நூலால் கட்டினால் கோணலே இல்லாத நட்சத்திரம் கிடைக்கும். ஒவ்வொரு முனையின் கோணமும் 36 பாகை. வடிவியல் படிக்கும் அக்காமார் கோணமானியால் அளந்து பார்க்கலாம்.

ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியத் திருச்சபையினரின் பள்ளியில், 1830களில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்ட பல முனைக் காகித நட்சத்திரமே பின்னர் உலகெங்கும் கிறிஸ்துமஸ் விளக்காகப் பரவியது என்பர். கணக்குப் பாடத்தை வெறுப்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்!

விளக்கு வைக்க விரும்பினால் மூங்கில் பட்டையால் இரண்டு நட்சத்திரங்கள் செய்து, முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள்மூலைகள் ஐந்திலும் 8 சென்டிமீட்டர்க் குச்சிகளை முட்டுக்கொடுத்து, பட்டத்தாள் ஒட்டுங்கள். உள்ளே சிறிய எல்.இ.டி. பல்புதான் போட வேண்டும். மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

சிறுவர்கள் மிகவும் விரும்பியது நகரும் நட்சத்திரம். தீர்ந்துபோன பேனாக் குழாயில் 3 சென்டிமீட்டர்த் துண்டு நறுக்கி, அதில் நட்சத்திரத்தைக் கட்டுங்கள். குழாய்க்குள் ஒரு நூலைக் கோத்து, மலை உச்சியிலிருந்து குடில் வரை சரிவாக இழுத்துக் கட்டினால் நட்சத்திரம் வழுக்கி இறங்கும். இது நம் ஊருக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு மலையின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரக் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கியபடியே இறங்கி, பின் போடிக்கு வந்தன. தேயிலை வந்த வழியில் இப்போது நட்சத்திரம் வருகிறது.

6. மலையும் மஞ்சும்

செங்கற்களைப் படிப்படியாக அடுக்கி, பழைய சாக்கை நனைத்து மேலே போர்த்தி, செம்மண் குழம்பு பூசினால் மலை. அதன்மேல் சுண்ணக்கட்டியால் முந்தலிலிருந்து போடிமெட்டு வரை பாதை வரையுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் 17. குழந்தைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வரைவார்கள், எண் கற்றாயிற்று.

மலை உச்சியில் பஞ்சு. நம் ஊர் இலவம் பஞ்சுக்குப் பெயர் பெற்றது. காய் வெடிப்பது கோடையில் என்றாலும், பழைய தலையணையில் எந்நாளும் பஞ்சு உண்டு. இதை உறைபனி என்று எண்ணி வைக்காதீர்கள். மார்கழிக் காலையில் குரங்கணிக்கு மேலே தவழும் மஞ்சு என்று எண்ணி, மெல்லப் பிரித்து வையுங்கள். இலவம் இழை உள்ளே கூடானது; மேலே மெழுகுப் பூச்சு கொண்டது. அதனால் நீரில் நனையாமல் மிதக்கும். முன்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் அதை அடைத்தனர். ஒரு கிண்ணத் தண்ணீரில் இலவம் பஞ்சையும் பருத்திப் பஞ்சையும் போட்டுக் காட்டுங்கள். எது மூழ்குகிறது என்று குழந்தைகளே சொல்வார்கள்.

கவனிக்க வேண்டியவை

இலவம் பஞ்சும் வைக்கோலும் நொடியில் தீப்பிடிக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல் எரிந்து, மலையேறச் சென்றவர் பலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. குடிலருகே மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, மத்தாப்பு வேண்டாம்.

பஞ்சு பிரிக்கும்போது பறக்கும் தூசி மூக்கில் ஏறும். இழுப்பு உள்ள குழந்தைகளை அதற்கு அழைக்காதீர்கள்.

ஆட்டுக்குட்டிக்குக் கண் வைக்கக் குன்றிமணி அழகுதான். ஆனால் அது கொடிய நஞ்சு. அரளி விதையும் அப்படியே. மிளகையும் பயற்றையும் சிறு குழந்தைகள் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்வார்கள். கண்ணுக்கு ஒரு கரிப்பொட்டு போதும்.

தெர்மாகோலும் பிளாஸ்டிக் தாளும் வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. நம் குடிலில் எறிவதற்கு எதுவும் இருக்கலாகாது. மூன்று அரசர் திருநாள் முடிந்ததும் முளைப்பயிர் ஆட்டுக்கு, வைக்கோல் மாட்டுக்கு, களிமண் கண்மாய்க்கு, பஞ்சு தலையணைக்கு.

கயிறு இல்லாத குடில்

இவ்வாண்டு எங்கள் குடில் போன ஆண்டுக் குடிலைப்போல் மினுமினுக்கவில்லை. சூசையப்பர் சற்றுச் சாய்ந்திருந்தார். ஓர் ஆட்டுக்கு ஐந்து கால். வானதூதர் ஒருவருக்கு மீசை இருந்தது. ஆனால் எந்நேரமும் அதைச் சுற்றிக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தனர். 'தொடாதே' என்ற சொல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கும் அந்தச் சிறுமியை நாங்களே தேடிச் சென்று அழைத்தோம். போன ஆண்டு அதட்டியதற்கு வருத்தம் தெரிவித்தோம். அவள் சற்று யோசித்துவிட்டு, புத்தகப் பையிலிருந்து தீப்பெட்டி ஜீப்பை எடுத்தாள். கட்டைவிரல் அளவில் தானே ஒரு மாதாவைப் பிசைந்து, வண்டியில் உட்காரவைத்து, பதினேழாம் வளைவில் நிறுத்தினாள்.

விழா அன்று மாலை அவளுடைய தாயார் ஜீப்பிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்கு வந்தார். கைகளில் இன்னும் ஏலக்காய் வாசம் இருந்தது. மகள் காட்டிய இடத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மாதாவுக்கு முன் சீட்டு கொடுத்திருக்கா, பாருங்க சிஸ்டர்."

அன்பு மாணவியரே! வரும் டிசம்பரில் உங்கள் வீட்டுச் சிறு கைகளை அழைத்து இவற்றைச் செய்து பாருங்கள். குடில் கோணலாகத்தான் வரும். அவர்களைத் தொடவிடுங்கள், அவர்கள் கொண்டுவருவது எதுவாயினும் அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.